முதல் நாள் பேட்ச்

அந்தக் குடும்பத்தில் யாரும் யார் வாசலிலும் போய் நின்று "எனக்காகக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்டதில்லை. ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர், உறவினரை வழியனுப்ப வந்த சொந்த மனைவியிடமே பிளாட்பாரம் டிக்கெட்டைக் கேட்டவர். அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. "வாங்கியாச்சு, நல்லாப் பாத்துக்கோங்க" என்று எல்லோர் முன்னிலும் எடுத்து நீட்டினாளாம். இந்தக் கதையைச் சொல்லாமல் அந்த வீட்டில் நாலு பேர் கூடிச் சாப்பிட்டு எழுந்ததில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பணம் காசை யாரும் சேர்த்துவிடலாம். இப்படி ஒரு பெயரைச் சேர்த்து வைப்பது எளிதல்ல.

அந்த நிலைய அதிகாரியின் மகன்தான் ஸ்கேல் சார். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அந்தப் பெயரைப் பிள்ளைகள் வைத்தார்கள். முதுகு அப்படி நிமிர்ந்திருக்கும், பேச்சும் அப்படி. மதிப்பெண்ணில் அரை கூட்டிப் போடச் சொல்லிப் பெரிய மனிதர்கள் வந்தபோதெல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அரை மார்க் கொடுக்காமல் அனுப்பியவர். பட்டப்பெயர் காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அவருடைய ஒரே மகளுக்கும் பள்ளியில் ஒரு பட்டப்பெயர் உண்டு. பூட்டு. ஹாக்கி அணியின் கோல்கீப்பர். அவள் நின்றால் கோல் பூட்டியது பூட்டியதுதான் என்று அணிப் பிள்ளைகள் வைத்த பெயர்.

அவள் மட்டையைப் பிடித்த நாளில் ஸ்கேல் சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மார்க் ஒரு படி இறங்கினாலும் மட்டை பரண்ல ஏறிடும்." அவள் தலையாட்டினாள். அதன்பிறகு மார்க் இறங்கவே இல்லை. எப்படி என்று அவருக்கே வியப்பு. ஒரு நாள் மாவட்ட அளவில் இறுதி ஆட்டம் நடந்தது. அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் வாத்தியார் மகள் என்று நாலு பேர் பேசுவார்கள் என நினைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார். பந்து எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் மகளின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர், "அந்தக் கீப்பர் பொண்ணு தனக்குத்தானே பேசுது பாருங்க, மந்திரம் போடுது போல" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் கேட்டார். "ஆட்டத்துல என்ன முணுமுணுத்தே?"

"நீங்க வந்திருந்தீங்களாப்பா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"உப்புப்பா. செங்கல் சிவப்பா எரிஞ்சா கால்சியம், ஆப்பிள் பச்சையா எரிஞ்சா பேரியம். பழுப்பு வளையம் வந்தா நைட்ரேட். பந்து அந்தப் பக்கம் இருக்கறப்ப கீப்பருக்கு வேலை இல்லை. சும்மா நிக்கறதுக்கு அதைச் சொல்லிப் பார்ப்பேன்."

"பந்து இந்தப் பக்கம் வந்தா?"

"அப்ப உப்பாவது புளியாவது!"

அவர் சிரிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம், "பரவாயில்லை, ஆடறா" என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது பிறர் சூட்டும் மாலைக்குச் சமம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதைப் புரிந்துகொண்டு மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

அந்த வருடம்தான் மாநில அணிக்கான தேர்வு வந்தது. பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி. அடுத்த வருடம் அவள் வயதைத் தாண்டிவிடுவாள். வந்த தேதியோ, பள்ளியில் வேதியியல் செய்முறைத் தேர்வின் முதல் நாள்.

செய்முறைத் தேர்வு இரண்டு நாட்கள் நடக்கும். வகுப்பைப் பெயர் வரிசைப்படி பாதியாகப் பிரித்து, முதல் பாதி முதல் நாள், மறுபாதி மறுநாள். முதல் நாள் ஸ்கேல் சார் கூடத்தில் நிற்பார். மறுநாள் இளைய வேதியியல் ஆசிரியை. யார் எந்த நாள் என்று பிரித்து எழுதுவது வகுப்பாசிரியரின் பொறுப்பு. வகுப்பாசிரியர் ஸ்கேல் சார். மகள் முதல் நாள் பேட்சில் இருந்தாள். தக்க காரணம் சொன்னால் பிள்ளைகளை ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு மாற்றலாம், அதற்கு விதியே இடம் தருகிறது. அந்த வருடமே அவர் இரண்டு பேரை மாற்றியிருந்தார். ஒரு பெண்ணுக்கு அக்கா கல்யாணம், ஒரு பையனுக்கு மஞ்சள்காமாலை.

ஹாக்கி கோச் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். கழுத்தில் விசில், காலில் மண், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி.

"சார், பூட்டை ரெண்டாவது நாளுக்கு மாத்திடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"முடியாதும்மா."

"விதியில இல்லையா?"

"இருக்கு. வேற யார் பிள்ளையா இருந்தாலும், நீங்க வர்றதுக்கு முன்னாடியே நானே மாத்தியிருப்பேன். என் பொண்ணு. அதனாலதான் முடியாது."

கோச் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அவ செஞ்ச ஒரே தப்பு உங்களுக்குப் பொறந்ததுதானா சார்?"

அறையில் மற்ற ஆசிரியர்கள் திருத்திக்கொண்டிருந்த தாள்களில் இன்னும் குனிந்துகொண்டார்கள். ஸ்கேல் சாரிடம் அவர் வீட்டு விஷயத்தை யாரும் முதலில் எடுப்பதில்லை. அது அந்த அறையில் எழுதாத சட்டம். அவரும் ஒரு தாளை இழுத்துத் திருத்தத் தொடங்கினார். நாளைக்கே யாராவது, "வாத்தியார் தன் மகளுக்குத் தேதியை மாத்திக்கிட்டார், சும்மாவா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், இத்தனை வருடம் நிமிர்ந்த முதுகு என்னாவது? அதுதான் அவர் மனதில் ஓடியது.

அன்று மாலை மகள் வீட்டு நடையில் நின்று சுவரில் பந்தை எறிந்து காலால் தடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"அப்பா, பேட்சை மாத்த முடியுமா?"

"முடியும். ஆனா நான் மாத்த மாட்டேன்."

அவள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "சரிப்பா" என்றாள். பிறகு பந்தை எறியத் தொடங்கினாள். முன்பைவிடப் பலமாக.

அழவில்லை, கெஞ்சவில்லை, அம்மாவைத் தூது விடவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டும்போது, 'நம்ம ரத்தம்' என்று ஸ்கேல் சார் தனக்குள் சொல்லிக்கொண்டார். சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"மார்க் இறங்கக் கூடாதுன்னீங்க. இறங்கலை. அவ பேச்சை அவ காப்பாத்திட்டா. உங்க பேச்சு என்னாச்சு?"

"மட்டையை நான் பரண்ல ஏத்தலையே."

"ஆமா, கையில மட்டையைக் குடுத்துட்டுக் காலைக் கட்டிட்டீங்க."

"ஊர்ல நாலு பேரு..."

"எந்த நாலு பேரு? எனக்கும் கல்யாணம் ஆனதிலேருந்து தெரிஞ்சுக்கணும்னு ஆசை. ஒரு நாளாவது அந்த நாலு பேரைச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. நானும் மூஞ்சியைப் பாத்துக்கறேன்."

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மனைவி விடவில்லை. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா, தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நீங்களும் ஊரார் பிள்ளையை ஊட்டினீங்க, இதுவும் தானாத்தான் வளந்துச்சு. இப்ப வளந்ததை வெட்டறீங்க."

செய்தித்தாளில் ஒரு பக்கம் திரும்பியது.

மறுநாள் அவர் தலைமையாசிரியையிடம் போய், "என் பொண்ணு முதல் நாள் பேட்ச். அதனால அன்னிக்கு நான் கூடத்துக்குள்ள வரமாட்டேன், வேற யாரையாவது போடுங்க" என்றார். தன் பிள்ளை தேர்வெழுதும் அறையில் ஆசிரியர் நிற்கக்கூடாது என்பது விதி. யாரும் நினைவுபடுத்துமுன் தானே சொல்லிவிட்டதில் அவருக்கு ஒரு நிறைவு. தலைமையாசிரியை ஏதோ சொல்லப்போனவர் போல அவரைப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்றார். "வேற ஒண்ணுமில்லை" என்று அவர் எழுந்து வந்துவிட்டார்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை கோச் வீட்டுக்கு வந்தார். பள்ளியில் கோல்கீப்பருக்கு ஒரே ஒரு செட் சாமான்தான். காலுக்குக் கட்டும் பெரிய பட்டைகள், நெஞ்சுக் கவசம், ஹெல்மெட், எல்லாம் ஒரு பெரிய பையில். அது எப்போதும் பூட்டிடம் இருக்கும். இப்போது இரண்டாவது கீப்பர் சின்னவள் மாநில அணித் தேர்வுக்குப் போகிறாள், அவளுக்கு வேண்டும்.

மகள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். வியர்வையும் ரப்பரும் கலந்த நெடி வீடெங்கும் பரவியது. வழக்கமாக அவள் அம்மா, "அந்தப் பிணத்தை வெளியே வை" என்று கத்துவாள். அன்று அவள் மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"கோச், இடது கால் பக்கிள் ஒண்ணு சிக்கும். நேரா இழுத்தா வராது. அடியில விரலைக் குடுத்துத் தூக்கிட்டு இழுக்கணும். சின்னவகிட்டச் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"ஹெல்மெட் அவளுக்குக் கொஞ்சம் லூசா இருக்கும். உள்ள ஒரு துணியை மடிச்சு வைங்க."

"சரிடா."

"வலது மூலையில தாழ்வா அடிச்சா அவ லேட்டா இறங்குவா. முன்னாடியே எடை மாத்தி நிக்கச் சொல்லுங்க."

கோச் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்றிருந்த ஸ்கேல் சாரைத் தாண்டும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர் பள்ளிக்குப் போனபோது ஆய்வுக்கூடத்தின் வாசலில் இளைய வேதியியல் ஆசிரியை வெள்ளைக் கோட்டுடன் நின்றுகொண்டிருந்தார். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லை சார். அம்மாவுக்கு இன்னிக்குக் கண்ணுல ஆபரேஷன் வச்சிருந்தாங்க. இன்னிக்கு நான் லீவு கேட்டிருந்தேன். தள்ளிப்போட்டாச்சு. அம்மா ராத்திரியெல்லாம் புலம்பிட்டே இருந்தாங்க."

"ஏன் தள்ளிப்போட்டீங்க?"

அந்தப் பெண் அவரை வியப்போடு பார்த்தார். "நீங்க உள்ள வரக்கூடாதே சார். கெமிஸ்ட்ரிக்கு நம்ம ரெண்டு பேர்தானே?"

ஸ்கேல் சார் விரலை மடக்கி நாட்களை எண்ணிப் பார்த்தார். இந்தக் கணக்கு ஏன் அவருக்கு வரவில்லை? மகளை மறுநாளுக்கு மாற்றியிருந்தால் அவர் வழக்கம்போல முதல் நாள் உள்ளே நின்றிருப்பார். இந்தப் பெண் தன் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். மாற்றுவதுதான் பள்ளிக்கு வசதி, விதிக்கும் அதுவே பொருத்தம். சலுகை என்று அவர் நினைத்ததுதான் முறையான வழி.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"உங்ககிட்டயா சார்?" என்றார் அந்தப் பெண். ஏளனமில்லை, உண்மையான பயம்.

அவர் நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். அவரும் மழுப்பவில்லை.

"எனக்குத் தெரியும் சார். உங்க பொண்ணை மாத்துங்கன்னு நான் சொன்னா, நான் ஏதோ உங்களுக்குச் சலுகை காட்டறேன்னு கோவிச்சுக்குவீங்க. உங்க வாயாலயே வரட்டும்னு காத்திருந்தேன். அன்னிக்குக்கூட வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேனே."

நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஸ்கேல் சார் பயந்த அந்த நாலு பேரும், அவர் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது தேர்வு தொடங்கிவிட்டது. ஜன்னல் வழியே மகள் தெரிந்தாள். உப்பைப் பிரித்துக் கொட்டியாகிவிட்டது. இனி அவளை வெளியே கூப்பிட விதியில் இடமில்லை. அவள் முழங்காலைச் சற்று மடித்து, எடையை முன்பாதத்தில் வைத்து, கோலில் நிற்பதுபோலவே மேசைமுன் நின்றாள். கம்பியை நனைத்து உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினாள். சுடர் பச்சையாக எழுந்தது. உதடுகள் அசையவில்லை. அன்று அவள் எதையும் முணுமுணுக்கவில்லை.

எல்லோருக்கும் முன்னால் அவள்தான் முடித்தாள். வெளியே வந்தவளிடம் ஸ்கேல் சார், "வண்டில ஏறு" என்றார்.

"எங்கப்பா?"

"கிரவுண்டுக்கு. ஆட்டம் இன்னும் நடந்துட்டிருக்கலாம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் ஆசை எட்டிப்பார்த்தது. அதுதான் பின்னாளில் அவரை அதிகம் வாட்டியது. பள்ளிப் பையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏறி உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு விழுமுன் தாண்டிவிடலாம் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வண்டியை முறுக்கினார் ஸ்கேல் சார். "அப்பா, மெதுவா" என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. பெண்கள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோல் வெறுமையாக நின்றது. கோச் அவர்களைக் கண்டு எழுந்து வந்தார்.

"முடிஞ்சிருச்சு சார். கீப்பருக்கு வேற ஸ்கூல் பொண்ணை எடுத்துட்டாங்க." மகள் பக்கம் திரும்பினார். "சின்னவ ரெண்டு விட்டுட்டா. ரெண்டும் வலது மூலை. சொல்லித்தான் அனுப்பினேன்."

"பரவாயில்லை கோச்" என்றாள் மகள்.

சற்றுத் தள்ளி அந்தச் சின்னவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, இந்தப் பக்கிள் வரமாட்டேங்குதுக்கா. எவ்வளவு இழுத்தும் வரலை."

மகள் போய் அவள்முன் மண்டியிட்டாள். பள்ளிச் சீருடை மண்ணானது. அடியில் விரலைக் கொடுத்து, தூக்கி, இழுத்தாள். பக்கிள் கழன்றது. "ஏய், இதுக்கெல்லாம் அழுவாங்களா? உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குடி" என்றாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, வைக்க இடமில்லாமல் பின்னால் நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டார்.

அதுவரை அவர் அதைத் தொட்டதில்லை. உள்ளே வேறொரு பிள்ளையின் வியர்வை சுட்டது. மகள் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் அடுக்கி முடிக்கும்வரை, இரண்டு கைகளாலும் அதை ஏந்தியபடி வெயிலில் நின்றார்.

"சார், அதையும் குடுங்க, பையில வைக்கணும்" என்று கோச் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றார். பிறகு பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா, நான் இன்னொரு தடவை கேட்டிருந்தா மாத்தியிருப்பீங்களா?"

மாட்டேன் என்றால் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. மாத்தியிருப்பேன் என்றால் குற்றம் அவள் தலையில் விழும். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லி அறியாதவர், "தெரியலம்மா" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றாள் அவள். "ஒரு தடவை சொன்னப்பறம் மறுபடி போய் நிக்க எனக்குப் பிடிக்கலை."

குரல் அச்சு அசல் அவருடைய குரல். அவருடைய அப்பாவின் குரலும்கூட.

செய்முறைத் தேர்வில் அவள் முழு மதிப்பெண் வாங்கினாள். நன்றாகப் படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள். ஹாக்கியைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. மட்டை பரணில் ஏறிவிட்டது. யாரும் ஏற்றவில்லை, அதுவாக ஏறியதுபோல் ஏறிவிட்டது.

ஸ்கேல் சார் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் பேட்ச் பிரிக்குமுன் வகுப்பில் எழுந்து நின்று, "யாருக்காவது தேதியை மாத்தணுமா? வாயைத் திறந்து கேளுங்க" என்பார். கேட்டவர்களுக்கு மாற்றிக் கொடுப்பார். பிறகு, கேட்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வரிசை வரிசையாகப் பார்த்து, "இன்னொரு தடவை கேக்கறேன்" என்பார்.

வீட்டில் நாலு பேர் கூடிச் சாப்பிடும்போது அந்தப் பிளாட்பாரம் டிக்கெட் கதையை இப்போது அவர் சொல்வதில்லை.